ஆறு இன்பங்களும் ஆறு தேவைகளும்: உணவு, பயணம், நலவாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஹிஜ்ரி 623ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1226இல், பக்தாத் நகரில் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ என்பார் ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலொன்றை இயற்றினார். மங்கோலியப் படை அந்நகரைச் சூறையாடுவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன் எழுந்த நூல் அது. அதன் முன்னுரையில் அவர் இவ்வுலக இன்பங்களை ஆறாக வகுக்கிறார்: உணவு, பானம், உடை, இல்லற இன்பம், நறுமணம், இன்னிசை. இவ்வாறனுள்ளும் உணவே தலையாயது என்பது அவரது துணிபு. உடல் நிலைபெறுவதும் உயிர் தரிப்பதும் அதனாலேயே என்பது அவர் காட்டும் காரணம். உணவின்பால் தமக்குள்ள விருப்பத்தை அவர் மறைக்கவுமில்லை. தமக்காகவும், பயன்கொள்ள விழையும் பிறருக்காகவுமே நூலை எழுதியதாகச் சொல்லிவிடுகிறார்.

இதே பக்தாதில், இவருக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே மருத்துவ அறிஞர்கள் வேறோர் ஆறினை வகுத்து வைத்திருந்தனர். அவை இன்பங்கள் அல்ல. எவரும் தவிர்க்க இயலாத தேவைகள். சூழ்ந்துள்ள காற்று, உணவும் நீரும், உழைப்பும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், உடலில் தங்குவனவும் கழிவனவும், உள்ளத்தின் நிலைகள் என்பவை அவை. ‘அல்அஸ்பாபுஸ் ஸித்தத்துல் ழரூரிய்யா’ என்று அரபு மருத்துவம் இவற்றை அழைத்தது. ‘இன்றியமையாத ஆறு காரணிகள்’ என்று இதனைத் தமிழாக்கலாம்.

இன்பத்தின் ஆறும் தேவையின் ஆறும் ஒன்றோடொன்று பகைத்தனவா, உறவு கொண்டனவா? சுவைத்து உண்பவன் நலத்தை இழக்கத்தான் வேண்டுமா? நலம் நாடுபவன் சுவையைத் துறக்கத்தான் வேண்டுமா? உணவைக் குறித்த அச்சமும் உணவின் மீதான பேராசையும் ஒருங்கே வளர்ந்துவிட்ட நமது காலத்தில் இவ்வினா பொருளற்றதன்று. முஸ்லிம் உலகின் மருத்துவர்களும் சமையல் நூலாசிரியர்களும் பயணிகளும் இதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவரின் அட்டவணை

ஆறு காரணிகள் என்னும் கருத்தின் வேர் கிரேக்க மருத்துவத்தில் உள்ளது. ஜாலீனூஸ் என்று அரபியர் வழங்கிய கேலனின் நூல்களைப் பெயர்த்தும் சுருக்கியும் தந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) வழியாக அது அரபு மருத்துவத்தில் திட்டமான வடிவம் பெற்றது. மருத்துவம் என்பது நோய் தீர்ப்பது மட்டுமன்று. இருக்கும் நலத்தைக் காப்பதே அதன் முதற்பணி என்னும் எண்ணம் இவ்வகுப்பின் பின்னே நிற்கிறது. உடலின் அமைப்பு பிறப்போடு வருவது; அதனை நாம் மாற்ற இயலாது. உண்பதையும் உறங்குவதையும் உழைப்பதையும் மாற்ற இயலும். ஆகவே நலவாழ்வுக்கான பொறுப்பின் பெரும்பங்கு மருத்துவரிடமிருந்து மனிதனிடமே வந்து சேர்கிறது.

இக்கருத்தைக் கற்றோர் அவையிலிருந்து இல்லங்களுக்குக் கொண்டுசென்ற நூல், பதினோராம் நூற்றாண்டில் பக்தாதின் கிறிஸ்தவ மருத்துவரான இப்னு புத்லான் எழுதிய ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ ஆகும். ‘நலத்தின் அட்டவணை’ என்பது இப்பெயரின் பொருளாகக் கொள்ளத்தக்கது. வானியலாளர் கோள்களின் நிலைகளைக் கட்டம் கட்டமாகக் குறிப்பதைப்போல், இப்னு புத்லான் 40 அட்டவணைகளில் 280 பொருள்களை வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றின் இயல்பு, அதில் சிறந்த வகை, அதன் பயன், அதன் கேடு, அக்கேட்டுக்கு மாற்று ஆகியன தனித்தனிக் கட்டங்களில் அமைந்தன. நீண்ட வாதங்களைப் படிப்பதில் மக்களுக்குச் சலிப்பு மிகுந்துவிட்டது என்றும், அறிவியலிடம் அவர்கள் எதிர்பார்ப்பது பயனையே என்றும் அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வட்டவணையில் இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியவை. முதலாவது, ‘இது நல்லது, இது தீயது’ என்ற ஒற்றைத் தீர்ப்பு அங்கு இல்லை. ஒவ்வோர் உணவுக்கும் ஒரு பயனும் ஒரு கேடும் உண்டு; கேட்டை நீக்கும் வழியும் உண்டு. ஓர் உணவை விலக்குவதைக் காட்டிலும், அதனை எதனோடு சேர்த்து, எப்பருவத்தில், எவர் உண்பது என்பதே கேள்வி. இரண்டாவது, பழங்களும் இறைச்சிகளும் இடம்பெற்ற அதே நூலில் இசையும் உரையாடலும் கதை கேட்டலும் உடைவகைகளும் மகிழ்ச்சியும் சினமும் இடம்பெற்றுள்ளன. சமையல் நூலாசிரியர் பட்டியலிட்ட இன்பங்கள் பலவும் மருத்துவரின் அட்டவணைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிடுகின்றன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்நூல் லத்தீன் மொழிக்குச் சென்றது. ‘தக்வீம்’ என்ற அரபுச் சொல்லே சற்றுத் திரிந்து ‘தகுயினும்’ என அங்கு நூற்பெயராயிற்று. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியில் செல்வர்களுக்காக வரையப்பட்ட வண்ணப் படிகளில், கீரை பறிக்கும் பெண்களும் ரொட்டி சுடுவோரும் கதை சொல்வோரும் சித்திரிக்கப்பட்டனர். ஐரோப்பிய வாழ்வின் அன்றாடக் காட்சிகளுக்கு ஓர் அரபு மருத்துவ நூல் சட்டமிட்டுத் தந்தது வரலாற்றின் சுவையான நிகழ்வாகும்.

இப்னு புத்லானுக்கும் முன்பே இதே இணைப்பைக் கண்டவர் அபூ ஸைத் அல்பல்கீ. கி.பி. 934இல் மறைந்த இவ்வறிஞர் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை, உடல் நலம், உள நலம் என்று இரு பகுதிகளாக அமைத்தார். முதற்பகுதியில் குடியிருப்பு, காற்று, நீர், உடை, உணவு, பானம், நறுமணம், உறக்கம், குளியல், உடற்பயிற்சி, இசை ஆகியன தனித்தனியே பேசப்படுகின்றன. இரண்டாம் பகுதி கோபம், அச்சம், துயரம், விடாது தொடரும் வீண் எண்ணங்கள் ஆகியவற்றை ஆராய்கிறது. உள்ளம் நோயுற்றால் உடலும், உடல் நோயுற்றால் உள்ளமும் துன்புறும் என்பதால் இரண்டையும் ஒரே நூலில் பேச வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

சமையற்கூடத்தில் மருத்துவம்

மருத்துவ நூல்களுக்குள் இன்பம் நுழைந்ததைப்போலவே சமையல் நூல்களுக்குள் மருத்துவமும் நுழைந்தது. நமக்குக் கிடைத்துள்ள அரபுச் சமையல் நூல்களில் மிகப் பழையது, பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்ததாகும். 132 இயல்களும் 600க்கு மேற்பட்ட செய்முறைகளும் கொண்ட இப்பெருந்தொகுப்பு, கலீஃபாக்களின் அரண்மனையில் உண்ணப்பட்டவற்றை விரிவாகப் பதிவு செய்கிறது. ஆயினும் அது பகட்டின் பதிவேடு மட்டுமன்று. உணவுப் பொருள்களின் இயல்பு, உண்ணுமுன் செய்யத்தக்க உடற்பயிற்சி, கை கழுவும் முறை, பற்களைத் தூய்மை செய்தல், உண்டபின் உறக்கம் ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு.

அந்நூலில் இடம்பெறும் ‘முஸவ்வராத்’ என்னும் உணவுவகை தனித்துக் குறிப்பிடத்தக்கது. ‘போலி’ என்பது அச்சொல்லின் பொருள். இறைச்சி சேர்க்காமல், இறைச்சிக் குழம்பைப் போன்ற தோற்றமும் மணமும் சுவையும் வரச் செய்யப்பட்ட காய்கறி உணவுகள் இவை. நோன்புக் காலத்தில் இறைச்சியைத் தவிர்த்த கிறிஸ்தவர்கள் இவற்றை உண்டனர். இறைச்சி ஒவ்வாத நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் இவற்றையே பரிந்துரைத்தனர். நோயாளியின் நாவுக்கும் ஓர் உரிமை உண்டு என்று அச்சமுதாயம் கருதியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பத்தியம் என்ற பெயரில் சுவையற்ற கஞ்சியை நோயாளியின் முன்வைத்துவிட்டு அகலாமல், அவனுக்கென்று ஒரு தனிச் சமையற்கலையையே வளர்த்தெடுத்தனர்.

அல்பக்தாதீயின் நூலும் சமையற்காரருக்கு விதிக்கும் ஒழுங்குகளோடுதான் தொடங்குகிறது. நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். இறைச்சியை நன்கு கழுவ வேண்டும். கொதிக்கும்போது எழும் நுரையை அகற்ற வேண்டும். பாத்திரங்களில் சிறந்தது கற்சட்டி, அடுத்தது மண்சட்டி, வேறு வழியில்லையெனில் ஈயம் பூசிய செம்புப் பாத்திரம். ஈயம் தேய்ந்துபோன செம்புப் பாத்திரத்தில் சமைத்ததைவிட இழிந்தது பிறிதில்லை என்று அவர் கண்டிப்புடன் கூறுகிறார். புளிப்பேறிய உணவு செம்பைக் கரைத்து நஞ்சாக்கும் என்பதை இன்றைய வேதியியல் விளக்குகிறது. அதன் விளைவை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். திருமண விருந்துக்கு முன் தேக்சாக்களுக்கு ஈயம் பூசுவதைக் கண்டு வளர்ந்த நம் முந்தைய தலைமுறையினர்க்கு இவ்வெச்சரிக்கை அயலானதாகத் தோன்றாது.

பயணியின் நீர்

வீட்டில் இருப்பவன் தன் உணவையும் உறக்கத்தையும் தானே தீர்மானித்துக்கொள்ள முடியும். பயணிக்கு அவ்வசதி இல்லை. காற்று மாறுகிறது, நீர் மாறுகிறது, உறங்கும் நேரம் மாறுகிறது, களைப்பு மிகுகிறது, உள்ளம் கலங்குகிறது. ஆறு காரணிகளும் ஒரே நேரத்தில் நிலைகுலையும் நிலையே பயணம். ஆதலின் நலவாழ்வுக் கோட்பாட்டின் உண்மையான தேர்வுக்களமாகப் பயணமே விளங்கிற்று. ஹஜ் கடமையும் கல்வி வேட்கையும் வணிகமும் மக்களை ஓயாது இடம்பெயரச் செய்த ஒரு நாகரிகத்தில், பயணிக்கான மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததில் வியப்பில்லை.

பஅலபக்கில் பிறந்த குஸ்தா இப்னு லூக்கா என்னும் கிறிஸ்தவ அறிஞர், ஒன்பதாம் நூற்றாண்டில், மக்காவுக்குப் புறப்பட்ட அப்பாஸிய உயர் அதிகாரி ஒருவருக்காக ஹஜ் பயண மருத்துவக் கையேடு ஒன்றை எழுதிக் கொடுத்தார். வழியில் தேர்ந்த மருத்துவர் கிடைக்கமாட்டார் என்பதே அதன் தேவை. களைப்பின் வகைகளும் அவற்றைப் போக்கும் உடல் பிடித்துவிடும் முறைகளும், காற்றால் வரும் காதுவலியும் சளியும், புழுதியால் வரும் கண்ணோயும், பல்வேறு நீர்களைச் சோதித்தறிதலும் கெட்ட நீரைத் திருத்துதலும், நச்சுயிர்களின் கடிக்குச் சிகிச்சையும் அதில் பேசப்படுகின்றன. முஸ்லிம்களின் தலையாய வணக்கப் பயணத்திற்குக் கிறிஸ்தவ மருத்துவர் ஒருவர் வழித்துணையாக அமைந்தார் என்பதும், அதனை எவரும் விந்தையாகக் கருதவில்லை என்பதும் அக்காலத்தின் அறிவுச் சூழலை உணர்த்துகின்றன.

அக்கையேடு ‘மதீனா நரம்பு’ எனப்பட்ட ஒரு நோயைக் குறிப்பிடுகிறது. தோலைத் துளைத்துக்கொண்டு நீண்ட இழைபோல் வெளிவரும் புழு அது. நம் நாட்டில் ‘நரம்புச் சிலந்தி’ என்று அஞ்சப்பட்டதும் இதுவே. குடிநீரில் உள்ள நுண்ணிய உயிரிகள் வழியாக இப்புழு பரவுகிறது என்பது பின்னாளில் கண்டறியப்பட்டது. நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதலே இதற்கான முதன்மைத் தடுப்பு. இந்தியாவில் 1996இல் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தடுப்பூசியோ மருந்தோ இன்றி, நீரைப் பற்றிய விழிப்புணர்வால் மட்டுமே ஒரு நோயை விரட்டிய அரிய வரலாறு இது.

இப்னு சீனாவும் (980-1037) ‘அல்கானூன்’ நூலின் முதற்பாகத்தில் பயணிகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். உணவு வேறுபாட்டைக் காட்டிலும் நீர் வேறுபாடே பயணியை மிகுதியும் நோயில் தள்ளும் என்பது அவரது எச்சரிக்கை. நீரைக் காய்ச்சுதல், திரும்பத் திரும்ப வடிகட்டுதல், காடி கலத்தல், வெங்காயத்தைக் காடியுடன் உண்ணுதல், ஒரு தங்குமிடத்தின் நீரை அடுத்த தங்குமிடத்தின் நீரோடு கலந்து உடலை மெல்லப் பழக்குதல் ஆகியவற்றை அவர் கூறுகிறார். தன் ஊர் மண்ணைக் கையோடு எடுத்துச்சென்று, செல்லுமிடத்து நீரில் கலந்து தெளியவைத்துப் பருகலாம் என்றும் சொல்கிறார். இவற்றுள் காய்ச்சுதலை இன்றைய அறிவியல் முழுமையாக ஏற்கும். சொந்த மண்ணைக் கலக்கும் ஆலோசனையை ஏற்காது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளை அறியாத காலத்தில், பட்டறிவு அவரை எதுவரை அழைத்துச்செல்ல முடிந்தது என்பதையும் எங்கே கைவிட்டது என்பதையும் இவ்விரண்டு ஆலோசனைகளும் அருகருகே காட்டுகின்றன.

பயணி தன்னைக் காத்துக்கொள்வது ஒருபுறமிருக்க, பயணியைக் காப்பது ஊரின் கடமையாகவும் கொள்ளப்பட்டது. 1047இல் பாலஸ்தீனத்தின் அல்கலீல் (ஹெப்ரோன்) நகருக்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், அங்கு இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரால் நடைபெற்ற அன்னதானத்தை நேரில் கண்டு எழுதினார். வருவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டியும், ஆலிவ் எண்ணெயில் சமைத்த ஒரு கிண்ணம் பருப்பும், உலர்ந்த திராட்சையும் வழங்கப்பட்டன; சில நாட்களில் 500 பேர் வரை வந்தனர். தானியம், பருப்பு, எண்ணெய், பழம் என அமைந்த அவ்வெளிய உணவு, நடந்து களைத்தவனுக்கு வேண்டியதை வேண்டிய அளவில் தந்தது. அதற்கென விடப்பட்ட வக்ஃபு நிலங்கள் அவ்வறத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கின.

மதுரையில் ஒரு பயணி

மருத்துவர்கள் எழுதியதைத் தன் உடலால் சோதித்துப் பார்த்தவர் என்று இப்னு பதூதாவைச் சொல்லலாம். 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட அவர், 1355இல் தம் பயணக் கதையைச் சொல்லி முடித்தபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கால உணவு அனுபவமும் அதனுள் அடங்கியிருந்தது. சென்ற இடமெல்லாம் அங்குள்ளோர் உண்பதை ஆர்வத்தோடு கவனித்தார், உண்டும் பார்த்தார்.

மேற்குக் கடற்கரையில் ஹொன்னாவர் சுல்தானின் விருந்தை அவர் வருணிக்கும் பகுதி, தென்னிந்தியர் எவருக்கும் தம் வீட்டுப் பந்தியை நினைவூட்டும். சோறு படைத்து நெய் ஊற்றுவர், மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள் வைப்பர், பின் கோழி, பின் மீன், பின் காய்கறிகள், இறுதியில் மோர். உண்டு முடித்ததும் வெந்நீர் பருகுவர். மழைக்காலத்தில் தண்ணீர் தீங்கு செய்யும் என்பது அவர்களது எண்ணம். படிப்படியாக வரும் அவ்வரிசையில் இன்பமும் மருத்துவமும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம். ஆயினும் ரொட்டி உண்டு வளர்ந்த அவருக்கு அச்சோறு எளிதாக இறங்கவில்லை. மலபார், மாலத்தீவு, இலங்கை, மஅபர் ஆகிய பகுதிகளில் மூன்றாண்டுகள் சோறன்றி வேறு காணாமல், இறுதியில் தண்ணீரின் துணையோடுதான் அதை விழுங்க வேண்டியதாயிற்று என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். எவ்வளவு நல்ல உணவாயினும் அது பழக்கத்தின் நீட்சியே என்பதற்கு இது சான்று.

1344ஆம் ஆண்டளவில் அவர் மஅபர் நாட்டை, அதாவது தமிழகக் கடற்கரையை அடைந்தார். மதுரையில் அப்போது சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீ ஆட்சி செய்தார். அந்நகரை அவர் கண்ட வேளையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயுற்றோர் இரண்டு, மூன்று நாட்களில் மாண்டனர். நலத்தோடிருந்த ஓர் அடிமைப் பெண்ணைத் தாம் வாங்கியதாகவும், மறுநாளே அவள் இறந்துவிட்டதாகவும் எழுதுகிறார். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மடிந்தனர். சிறிது காலத்தில் சுல்தானும் மறைந்தார். சுல்தானின் நோய்க்கு வேறு காரணமும் அவர் நூலில் காணப்படுகிறது. உடல் வலிமைக்கென ஒரு யோகி செய்து கொடுத்த, இரும்புத்தூள் சேர்ந்த மாத்திரைகளைச் சுல்தான் அளவுக்கு மிஞ்சி உட்கொண்டார் என்பதே அது.

இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. பிழைக்கமாட்டோம் என்றே நினைத்தார். அப்போது, அங்கு மிகுதியாகக் கிடைத்த புளியின் நினைவை இறைவன் தம் உள்ளத்தில் உதிக்கச் செய்ததாக அவர் கூறுகிறார். ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துப் பருகினார். மூன்று நாட்கள் வயிறு போயிற்று, நோய் நீங்கிற்று. அவ்வூரில் தங்க மனமின்றி, சுல்தானிடம் விடைபெற்றுப் புறப்பட்டார்.

புளிக்கு அரபியர் இட்ட பெயர் ‘தம்ர் ஹிந்தீ’, அதாவது ‘இந்தியப் பேரீச்சை’. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அதற்கு வழங்கும் பெயரும் இதிலிருந்தே பிறந்தது. தாவரவியலாரோ அம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பர். மரமும் பெயரும் கடல் கடந்து கைமாறிய அப்பொருள், ஆப்பிரிக்காவின் வடமுனையிலிருந்து வந்த ஒரு பயணிக்குத் தமிழ்நாட்டில் மருந்தாயிற்று. புளி மலமிளக்கும் இயல்புடையது என்பது அரபு மருத்துவ நூல்கள் அறிந்த செய்தியே. காய்ச்சலைத் தணித்தது புளிதானா, அவரது உடல் வலிமையா என்று இன்று எவரும் உறுதி கூற முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: அதே நகரில் அரண்மனையில் விலைமிக்க மருந்தை மிகையாக விழுங்கியவர் மாண்டார்; அடுக்களையில் கிடைத்ததை அருந்தியவர் பிழைத்தார்.

இதை வைத்து எளிய உணவு எப்போதும் காக்கும் என்று முடிவு கட்டுவதும் தவறாகும். பின்னாளில் மாலி நாட்டில், கிழங்கு போன்ற ஒன்றால் செய்த கஞ்சியை உண்டு அவரும் உடன் சென்றோரும் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் இறந்தார். இப்னு பதூதா இரண்டு மாதங்கள் படுத்திருந்தார். வெற்றிலை பாக்கைக் குறித்தும் அவர் புகழ்ந்து எழுதினார்: வாய் மணக்கும், உணவு செரிக்கும், உள்ளம் மகிழும் என்றார். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட முடிவை அறிந்த நாம், பயணியின் சொல்லை வரலாறாகப் படிக்கலாமேயன்றி மருத்துவமாகப் படிக்கலாகாது.

மரபைப் படிக்கும் முறை

இங்கேதான் நமக்குரிய வினா எழுகிறது. முன்னோர் சொன்னதை நாம் எவ்வாறு எடுத்துக்கொள்வது? இன்று ‘நபிவழி மருத்துவம்’ என்ற பெயர் ஒட்டப்பட்ட புட்டிகளும் பொட்டலங்களும் கடைகளில் பெருகியுள்ளன. எல்லா நோய்க்கும் மருந்து என்ற விளம்பரத்தோடு அவை விற்கப்படுகின்றன. சமய உணர்வை நம்பி, மருத்துவரின் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடுவோரும் உளர். ஆகவே இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று.

இத்துறையில் இமாம் இப்னுல் கய்யிம் (1292-1350) அவர்களின் நூல் பெரிதும் போற்றப்படுவது. அப்பெருந்தகையே, சில நபிமொழிகள் ஹிஜாஸ் மக்களின் தட்பவெப்பத்தையும் பழக்கத்தையும் கருத்திற்கொண்டு கூறப்பட்டவை என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். வயிறே நோயின் இல்லம் என்றும் பத்தியமே மருந்தின் தலை என்றும் பொருள்படும் புகழ்பெற்ற கூற்றைப் பலர் நபிமொழியாகக் கருதி வந்தனர். அது நபிமொழியன்று, அரபு மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவின் சொல்லே என்று தெளிவுபடுத்தியவரும் அவரே. கருத்து நல்லதாக இருக்கிறது என்பதற்காக அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது ஏற்றிச்சொல்ல அவர் உடன்படவில்லை.

இப்னு கல்தூன் (1332-1406) இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், நபிமொழிகளில் காணப்படும் மருத்துவக் குறிப்புகள் அக்கால அரபியரின் வழக்கத்தைச் சார்ந்தவை என்றும், அவை வஹீயின் பகுதியாகா என்றும், நபியவர்கள் அனுப்பப்பட்டது மார்க்கச் சட்டங்களைக் கற்பிக்கவே என்றும் எழுதினார். நம்பிக்கையோடும் பரக்கத்தை நாடியும் அவற்றைப் பயன்படுத்துவோர்க்கு நன்மை கிட்டலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. அதனை மருத்துவ அறிவியலின் இடத்தில் வைப்பதையே மறுத்தார். இவ்விரு அறிஞரின் நிலைப்பாடுகளும் வேறுபட்டவை. ஆயினும் ஆராயாமல் ஏற்பது மரபுக்குச் செய்யும் மரியாதையன்று என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இப்னு கல்தூன் தம் காலத்து நகர மக்களைப் பற்றிச் சொன்னது, நம்மைப் பார்த்தே சொன்னதுபோல் உள்ளது. நகரங்களில் நோய் மிகுவதற்கு அவர் காட்டும் காரணங்கள் மூன்று: பலவகை உணவுகளை மிகுதியாகவும் கலந்தும் உண்பது, கெட்டுப்போன காற்று, உடலுழைப்பின்மை. ஆறு காரணிகளில் மூன்று இங்கே பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டப்படுகின்றன. காற்றைப் பற்றி, அவருக்கும் முன்பே, பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவின் மருத்துவர் இப்னு ரிழ்வான் எழுதியிருந்தார். ஃபுஸ்தாத் நகரின் குறுகிய தெருக்களையும், உயர்ந்த கட்டடங்களையும், நீரிலும் தெருவிலும் எறியப்பட்ட செத்த விலங்குகளையும், குளியலறைகளின் உலைப்புகையையும் நோய்க் காரணங்களாக அவர் எண்ணிக் காட்டினார். நலம் என்பது தனிமனிதனின் நாவடக்கத்தால் மட்டும் வருவதன்று, ஊரின் ஒழுங்கும் அதில் பங்குகொள்கிறது என்பதை அவரது நூல் உணர்த்துகிறது.

எஞ்சி நிற்பது

பழைய மருத்துவத்தின் அடித்தளமாயிருந்த நால்வகைத் திரவக் கொள்கையை அறிவியல் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. சர்க்கரையை மருந்தாகக் கருதிய அந்நூல்களின் குறிப்புகளை இன்று பின்பற்றினால் விளைவது கேடே. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேர், நீரிழிவு உடையவர்கள் என்று மதிப்பிடுகிறது. இந்நிலையில் விருந்துக்கு விருந்து நெய்ச்சோறும் இனிப்புமாக உண்டு, உடல் அசையாது வாழ்வதற்கு எந்த மரபும் துணைநிற்காது.

ஆயின் மரபிலிருந்து எஞ்சுவது யாது? செய்முறைகளைவிட அணுகுமுறையே எஞ்சுகிறது. முதலாவதாக, உணவைத் தனியே பார்க்காமல் காற்று, உழைப்பு, உறக்கம், உள்ளம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தல். இரவு நெடுநேரம் விழித்திருந்துவிட்டுக் காலை உணவை மட்டும் திருத்துவதால் பயனில்லை என்பது இதிலிருந்து பெறப்படும். இரண்டாவதாக, இன்பத்தைப் பகையாகக் கருதாமை. உண்பதையும் பருகுவதையும் அனுமதித்து, அதே மூச்சில் வரம்பு மீறலைத் தடுக்கும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கச் சொல்லும் நபிமொழியும் உணவை இகழவில்லை. அதற்கு அளவு காட்டுகிறது. மூன்றாவதாக, இன்பத்தைப் பகிர்தல். அல்கலீல் நகரின் பருப்புக் கிண்ணம், உண்பவனுக்கு மட்டுமின்றி ஊட்டுபவனுக்கும் நலமாயிற்று.

இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த உணவொன்று நம்மிடையே உண்டு. ரமளான் மாலைகளில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்ந்தது. பகல் முழுதும் வெறுமையாயிருந்த வயிற்றுக்கு இதமானது, நாவுக்கும் இனியது, செல்வரும் வறியவரும் ஒரே கொப்பரையிலிருந்து பெற்று அருந்துவது. சமய வேறுபாடின்றி அண்டை வீட்டார் பாத்திரம் ஏந்திவந்து பெற்றுச் செல்வதும் பல ஊர்களில் வழக்கம். பக்தாதின் சமையல் நூலாசிரியர் அதில் ஓர் இன்பத்தைக் கண்டிருப்பார். மருத்துவர் ஒரு தேவையைக் கண்டிருப்பார். அதே கஞ்சிக்குப் பின்னர் தட்டு நிறையப் பொரித்த பண்டங்களை அடுக்கிக்கொள்வது நம் காலத்து வழக்கம். அவ்வழக்கத்திற்கு மரபின் மீது பழிசுமத்த இயலாது. அதனைத் திருத்தும் பொறுப்பு நம்முடையதே.